பார்வை, ஓவியம் – கடிதம்

வணக்கம் சார்,

பதினைந்து வருடமாகப் பதிப்பகங்களுக்கு அட்டை ஓவியம் வரைகிறேன். எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்கிற விழித்திரை நோய். முதலில் இரவில் தெரியாமல் போனது. இப்போது நேர் எதிரே இருப்பது மட்டும்தான் தெரிகிறது. சில வருடங்களில் அதுவும் போகலாம் என்கிறார் டாக்டர். வீட்டில் "பாட்டு கத்துக்கோ" என்கிறார்கள். எனக்குப் படம் போடுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. பார்வையில்லாமல் ஒருவன் ஓவியனாக இருக்க முடியுமா? இல்லை, என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனா?

கா.

அன்புள்ள கா.,

பார்வை போனால் ஆர்மோனியப் பெட்டி என்று நம் ஊரில் எப்போதோ முடிவு கட்டிவிட்டார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் கேட்கவும் வேண்டாம்.

சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றிச் சொல்கிறேன். 1904-ல் பிறந்தவர். சிறு வயதிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை கிடையாது, மற்றதில் கடுமையான கிட்டப்பார்வை. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் 1947 வாக்கில் சாந்திநிகேதனின் இந்தி பவனச் சுவர்களில் கபீர், சூர்தாஸ் என்று பக்திக் கவிகளின் ஊர்வலத்தையே வரைந்தார். ஐம்பதைத் தாண்டிய வயதில் கண்புரை அறுவை சிகிச்சை பலிக்காமல் இருந்த பார்வையும் போயிற்று.

அப்புறமும் கோட்டோவியம் போட்டார், சிறு சிற்பங்கள் செய்தார், மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய காகித வேலை. தாளை மடிப்பார், மடிப்பை விரலால் நீவுவார், கத்தரிப்பார். ஓர் உருவம் எழுந்து வரும். 1972-ல் சாந்திநிகேதனின் ஓவியப் பள்ளியான கலாபவனத்தின் சுவரில் பீங்கான் ஓடுகளில் அவர் செய்த பெரிய சித்திரம் இப்படிப் பிறந்த உருவங்களால் ஆனது. அவருடைய மாணவர் சத்யஜித் ராய் எடுத்த ஆவணப்படத்தில் அந்தக் கைகள் வேலை செய்வதைப் பார்க்கலாம். கண் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

அவருடைய மனவுறுதியைப் புகழ ஆள் நிறைய உண்டு. எனக்கு அவருடைய சாமர்த்தியம்தான் பெரிதாகத் தெரிகிறது. எது விளிம்பு, எது உள்ளே, எது வெளியே என்று விரலுக்கே தெரிகிற ஒரு வேலையைக் கண்டுபிடித்தார் பாருங்கள்!

இங்கிலாந்தின் சார்ஜி மான் நிலக்காட்சி ஓவியர். முப்பத்தைந்து வயதை ஒட்டித் தொடங்கிய கண் கோளாறு, 2005-ல் முழுப் பார்வையின்மையில் முடிந்தது. 2015-ல் இறக்கும்வரை எண்ணெய் வண்ணத்தில்தான் வரைந்தார். சுவரில் போஸ்டர் ஒட்டுவோமே, அந்தப் பிசின் உருண்டைகளைக் கான்வாஸில் அங்கங்கே ஒட்டிக்கொள்வார். தோள் இங்கே, நாற்காலிக் கால் அங்கே என்று விரல் அந்த உருண்டைகளைத் தொட்டு வழி கண்டுபிடிக்கும். பார்வை மங்கிக்கொண்டே வந்த வருடங்களில் எல்லாம் அவர் வரைவதை நிறுத்தவில்லை. இது உங்களுக்கு மிக முக்கியம். கண் முழுதாகப் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்தால் அன்று கையும் சேர்ந்தே தடுமாறும். கண்ணைக் கட்டிக்கொண்டு இன்றே தாளை வெட்டிப் பாருங்கள். வெட்டியதை இருக்கிற கண்ணால் திருத்துங்கள். அந்தத் திருத்தும் வசதி இப்போது மட்டும்தான் உண்டு.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெடு வைத்து வாங்கும் அட்டைப்பட வேலை நீடிக்கும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். 40 சதவீதக் குறைபாட்டுக்குச் சான்று கிடைக்கும் நிலை வந்ததும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிவிடுங்கள். 2016 சட்டப்படி அரசு வேலையில் ஒதுக்கீடு உண்டு. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மாதச் சம்பளம் வந்தால் சித்திரத்தை வாடகைக்காக வளைக்க வேண்டியதில்லை.

திரையில் இருக்கும் எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ திரைவாசிப்பானைக் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள், இலவசம்தான். தமிழை யூனிகோடில் இருந்தால் வாசிக்கும். பழைய எழுத்துருக் கோப்பு என்றால் உளறும். ஸ்கேன் செய்த பக்கம் என்றால் வாயே திறக்காது. (எழுத்தாளர்கள் பலர் இன்னும் பழைய எழுத்துருவிலேயே கோப்பு வைத்திருக்கிறோம், அது வேறு கதை.)

கடைசியாக ஒன்று. இதுவரை வரைந்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வைத்தீர்கள், ஏன் வைத்தீர்கள் என்று போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். வண்ணக் குப்பியின் பெயரோடு சொல்லுங்கள். அழகாகப் பேச வேண்டாம். நாளைக்கு ஒரு தாளைக் கையில் எடுத்து எந்த வண்ணத்தோடு ஒட்டலாம் என்று யோசிக்கும்போது நீங்கள் கேட்கப்போவது அந்தக் குரலைத்தான்.