எந்த நூறு பேர்?

ஐயா,
பல்கலைக்கழகத்தில் இதழியல் முதுகலை மாணவர்களுக்கு ஆய்வு முறையியல் நடத்துகிறேன். கை ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனை வந்தாலே, "ரிப்போர்ட்டர் ஆகத்தானே வந்தோம், கை ஸ்கொயர் எதுக்கு மேடம்?" என்கிறார்கள். கூகுள் ஃபார்மில் நூறு பேரிடம் பதில் வாங்கி ஆய்வேட்டை முடித்துவிடுகிறார்கள். அத்தனை ஆய்வேடுகளுக்கும் நான் ஒருத்திதான் நெறியாளர். புள்ளியியல் எவ்வளவு கற்பிக்கலாம்? தமிழில் நல்ல நூல் உண்டா?
ர., மதுரை

அன்புள்ள ர.,

நூலைப் பிறகு பார்க்கலாம். கை ஸ்கொயரைக் கணினியே போட்டுத் தந்துவிடும். போகிறபோக்கில் நூறு பேர் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. எந்த நூறு பேர்? வகுப்பு வாட்ஸப் குழு, விடுதித் தோழிகள், ஓர் அத்தை மகன். தலைப்பு மட்டும் 'தமிழக இளைஞர்களின் செய்தி நுகர்வு'. அதில் கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே?

ஆயிரம் பேரைக் கேட்டால் சரியாகிவிடுமா? 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் ஏறத்தாழ 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். பதவியில் இருந்த ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசி ஏடுகளிலும் கார் பதிவேடுகளிலும் எடுத்தவை. அந்தப் பொருளாதார மந்தக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருந்தன? போதாததற்கு முக்கால்வாசிப் பேர் பதிலே போடவில்லை. அதைவிட மிகக் குறைந்த பேரைக் கேட்டே ஜார்ஜ் காலப் என்ற கருத்துக்கணிப்பாளர் சரியாகச் சொன்னார். 1938-இல் அந்த இதழே இல்லை.

நான் வேலை பழகிய செய்தி அறையில் வயதான துணையாசிரியர் ஒருவர் இருந்தார். கல்லூரிப் பக்கம் போகாதவர். ரேஷன் கடை பற்றி 'மக்கள் கருத்து' வந்தால் பெயர்களை மட்டும் விரலால் ஓட்டிப் பார்ப்பார். "நாலும் ஆம்பளை, நாலும் டீக்கடை. க்யூவுல நின்ன பொம்பளைங்க எங்கடா?" தாள் திரும்பி வரும். நிருபர் முனகிக்கொண்டே வெயிலில் மறுபடி போவார்.

உங்கள் பிள்ளைகளையும் அப்படி அனுப்புங்கள். ஒரு வார்டின் வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கலில் முப்பது பெயர். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவக்கூடாது. மறுநாள் அதே வீடுதான். பட்டியலிலேயே விட்டுப்போனவர்கள் இருப்பார்கள். அதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

ஒற்றை ஆளாக அத்தனை ஆய்வேடுகளையும் சுமக்கிறீர்கள், தெரிகிறதம்மா. குறைத்துக் கேளுங்கள். நூறு வேண்டாம், முப்பது போதும். யார் யார் கிடைக்கவில்லை, ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் இல்லாத ஆய்வேட்டில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.