நாலு டைகரும் படகுக் கயிறும்: நாய்ப் பயிற்சி கிளப் பற்றிக் கேள்வி பதில்

நாகர்கோவிலில் ஞாயிறு காலை நாய்களோடு மைதானத்தில் கூடுகிற நம் கிளப்பில் ஆரம்பத்திலிருந்தே இருப்பவன் என்று என்னைப் பதில் சொல்ல உட்கார வைத்துவிட்டார்கள். சரி, ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு முன்னால் வழக்கமான எச்சரிக்கை: எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்காதீர்கள்.

வடசேரி: கிளப் எப்படித் தொடங்கியது?

சண்டையில்தான். எங்கள் தெருவில் ஓர் அல்சேஷன் பால்காரரை விரட்ட, சைக்கிளும் கேனும் ஓடைக்குள் போய்விட்டன. பஞ்சாயத்துப் பேச வந்தவர்களில் ஒருவர் மீரட்டில் ராணுவ நாய்களோடு இருந்து ஓய்வு பெற்று வந்த அண்ணாச்சி. அவர் நாயைத் திட்டவில்லை, வளர்த்தவரைக் கூப்பிட்டுத் தெருவில் நடக்கவிட்டுப் பார்த்தார். "நீரு நாயைக் கூட்டிட்டுப் போகல்ல வே, அதுதான் உம்மைக் கூட்டிட்டுப் போகுது" என்றார். அடுத்த ஞாயிறு மூன்று நாய்கள் வந்தன, மாதம் முடிவதற்குள் பதினொன்று. கட்டணம் கிடையாது, டீயும் ஏத்தம்பழ பஜ்ஜியும் முறை வைத்து. நீளக் கயிறு கடையில் கிடைக்காததால் சின்னமுட்டத்தில் படகுக்கு வாங்குகிற நைலான் கயிற்றைப் பத்தடியாக வெட்டி, நுனியை மெழுகுவர்த்தியில் உருக்கிப் பிரியாமல் செய்தோம். வருகை நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில் நாலு டைகர்: டைகர் பெரியது, டைகர் செட்டிகுளம், டைகர் கடிக்கும், அப்புறம் வெறும் டைகர். யாராவது "டைகர், வா" என்றால் மைதானமே குலுங்கும்.

தக்கலை: இந்த மாதிரி வகுப்பெல்லாம் வெளிநாட்டில் யார் ஆரம்பித்தது?

ஜெர்மனியில் காவல் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் 1910-லேயே புத்தகம் போட்டுவிட்டார், ஆனால் அவர் வழி முரட்டு வழி. வீட்டு நாய்க்கான கீழ்ப்படிதல் போட்டியை அமெரிக்காவில் 1933-ல் தொடங்கியவர் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற அம்மா. அவர் வளர்த்தது பூடில். அதைப் பொம்மை நாய் என்று கேலி செய்தவர்களுக்குக் காட்டத்தான் போட்டி வைத்தார், வந்தவை எட்டே நாய்கள். எங்களிடமும் "நாட்டு நாய்க்கு என்னத்த சொல்லிக் கொடுக்கப் போறீங்க" என்று கேட்டவர்கள் உண்டு. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலையே வந்துவிட்டது, கேலி மட்டும் நிற்கவில்லை.

மார்த்தாண்டம்: 40 நாள் குட்டி ஒன்று விலைக்கு வருகிறது. பயிற்சியை எப்போது தொடங்கலாம்?

முதலில் வாங்காதீர்கள். நாய் விற்பனைக்கான மத்திய அரசின் 2017 விதிப்படி எட்டு வாரத்துக்கு முன் விற்கவே கூடாது. தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் கடித்து விளையாடித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று குட்டி படிக்கும்.

அருமனை: கட்டளையைத் தமிழில் சொல்வதா, இங்கிலீஷிலா?

வந்துவிட்டது! கிளப்பை இரண்டாக உடைக்கப் பார்த்த கேள்வி இது. அண்ணாச்சி ராணுவப் பழக்கத்தில் "சிட்", "ஸ்டே" என்பார். ஒரு வாத்தியார் தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து ஸ்டேக்கு "இரு" என்று வைத்தார். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து நாய்கள் அப்படியே நின்றன. விளவங்கோட்டிலிருந்து வந்த நாய்கள் மட்டும் டப்பென்று உட்கார்ந்தன! அங்கே வீட்டில் உட்காருவதற்கு "இரி" என்றுதானே சொல்கிறார்கள். நாய்க்கு இரு, இரி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சத்தம்.

குழித்துறை: "இரி" மலையாளம். தமிழ் கிளப்பில் அதற்கு என்ன வேலை?

1956 நவம்பர் 1 வரை நாம் எல்லோரும் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தோம் தம்பி. நாயைப் பட்டி என்று கூப்பிடுகிற வீடு இன்றைக்கும் உங்கள் தெருவிலேயே இருக்கும்.

சுசீந்திரம்: தமிழில் சொன்னால்தான் நாட்டு நாய்க்குப் புரியும் என்கிறார்களே?

அதற்கு எந்த மொழியும் தெரியாது. ஒரே சத்தம், ஒரே கையசைவு, செய்தவுடனே ஒரு துண்டு கருவாடு. ஆச்சி "இரி" என்று, அப்பா "உக்காரு" என்று, பையன் "சிட்" என்றால் அது யாரைத்தான் கேட்கும்?

கொல்லங்கோடு: விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவரைப் பார்த்தால் குரைத்தே தீர்க்கிறது.

ஆளைப் பார்த்து இல்லை, தலையில் மினுங்குகிற லைட்டைப் பார்த்து. அதே மாதிரி லைட்டை நீங்கள் கட்டிக்கொண்டு, முதலில் பகலில், பிறகு அந்தியில் சோறு வையுங்கள். பழகியபின் அவர் கையாலேயே தூரத்திலிருந்து ஒரு துண்டு போடச் சொல்லுங்கள். அடிக்க வேண்டாம்.

இரணியல்: 45 நாள் குட்டி...

மேலே பாருங்கள். எட்டு வாரம்.

குலசேகரம்: விளையாட்டில் பல் லேசாகப் பட்டது. ஊசி வேண்டுமா?

இதை என்னிடம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள்.

திங்கள்நகர்: 35 நாளில் ஒரு லேப்ரடார் குட்டி...

எட்டு! வாரம்!

அருமனை: முடிவாகச் சொல்லுங்கள், இருவா, இரியா?

உங்கள் வீட்டில் நாய்க்குச் சோறு போடுவது யார்?

அருமனை: அம்மாதான். "இரிடே" என்பாள்.

அப்புறம் என்ன, எல்லோரும் "இரிடே"தான்.