முதலாண்டில் வரைந்ததே அழகாக இருக்கிறதே!

கேள்வி: பெங்களூருவில் டெக்ஸ்டைல் டிசைன் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். செமஸ்டர் முடிவில் ‘உங்கள் படைப்பு வளர்ச்சி பற்றி எழுதுங்கள்’ என்கிறார்கள். ‘நிறையக் கற்றுக்கொண்டேன்’ என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. பழைய ஃபைலைப் புரட்டினால் முதலாண்டுப் படங்களே அழகாகத் தெரிகின்றன. நான் வளர்ந்திருக்கிறேனா, இல்லையா?
– வாசகி, அல்சூர்

பதில்: முதலாண்டுப் படங்கள் காகிதத்தில் இருக்கின்றன. காகிதத்தில் நூல் தடிமன், ரிப்பீட் (ஒரே கட்டம் திரும்பத் திரும்ப வருவது), சாயம் ஊறிப் பரவும் தொல்லை எதுவும் இல்லை. அதையும் இன்றைய துணியையும் பக்கத்தில் வைத்து அழகை எடைபோடுவது நியாயமில்லை. ஒரே மோட்டிஃபை, அதாவது ஒரே அலங்கார உருவை எடுத்து, அன்று செய்ததையும் இன்று செய்வதையும் ஒப்பிடுங்கள்.

அன்றைய பூ ஒன்றின் ரிப்பீட்டை 9 ஜெராக்ஸ் எடுத்து, 3-க்கு 3 ஆகச் சேர்த்து ஒட்டிச் சுவரில் மாட்டுங்கள். பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், பூக்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் இடமிருந்து வலமாக வெள்ளைக் கோடாக ஓடுவது பெரும்பாலும் தெரியும். அன்று கண்ணில் படாத அந்தக் கோடு இன்று படுகிறதென்றால், எழுத வேண்டிய முதல் விஷயம் அதுதான். அடுத்து, அதே பூவை ஹாஃப் டிராப்பில், அதாவது அடுத்த நெடுவரிசையைப் பாதி உயரம் இறக்கிப் போடுங்கள். வெள்ளைக் கோடு உடையும். பதிலுக்குச் சாய்வுக் கோடு ஒன்று முளைக்கலாம். கட்டத்தின் விளிம்பைத் தாண்டி ஓர் இலையை நீட்டினால் அதுவும் கலையும். எந்த இலை, எந்தப் பக்கம், ஏன் என்று எழுதினாலே அரைப் பக்கம் வந்துவிடும்.

வண்ணத்தில் வளர்ச்சியைக் காட்ட, சாம்பிளோடு அளவுகளும் இருக்க வேண்டும். குளிர்நீர் ரியாக்டிவ் சாயத்துக்கு (பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பில் ஒட்டும் சாயம்) ஒரு மாதிரிக் கணக்கு: பருத்தித் துணி 10 கிராம், சாயக் குளியல் (துணி முக்கும் தண்ணீர்) 200 மி.லி., சாயம் துணி எடையில் 2 சதவீதம், அதாவது 0.2 கிராம். சமையலறைத் தராசு இதைக் காட்டாது. அதனால் 1 கிராம் சாயத்தை 100 மி.லி. கரைசலாக்கி, அதில் 20 மி.லி. எடுத்து 180 மி.லி. தண்ணீரில் சேருங்கள். உப்பு 8 கிராம், மூன்று தவணையாக. அரைமணி கழித்து, தனியே கரைத்த சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) 3 கிராம். துணியை வெளியே தூக்கிவிட்டுத்தான் சோடாவை ஊற்ற வேண்டும். துணி மேலேயே ஊற்றினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். பிறகு ஒரு மணி நேரம், அடிக்கடி கிளறியபடி.

திட்டுக்கு இன்னொரு காரணம் துணியில் மிஞ்சிய கஞ்சி. சாயமிடும் முன் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்; உடனே உறிஞ்சாமல் முத்தாக நின்றால் இன்னொரு முறை சோடா போட்டு வேகவைக்க வேண்டும். தண்ணீரையும் குறித்து வையுங்கள். காவிரிக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று வந்த நிறம் போர்வெல்லின் கடினநீரில் மங்கினால், உங்கள் கையில் குறையில்லை. குற்றவாளி கால்சியமும் மெக்னீசியமும்தான். சிக்பேட்டையில் துணி வாங்கும்போது செமஸ்டர் முழுவதற்கும் ஒரே தானிலிருந்து, அதாவது ஒரே துணிச் சுருளிலிருந்து வெட்டி வாங்கிவிடுங்கள். சுருள் மாறினால் ஒப்பீடே செல்லாது.

துண்டை அட்டையில் ஸ்டேபிள் செய்யுங்கள், பசை கறையாகும். பின்பக்கம் அளவுகளுக்குக் கீழே ஒரே வரி: ‘இந்த முடிவை ஏன் எடுத்தேன்.’ அதை அன்றைக்கே எழுதுங்கள். செமஸ்டர் கடைசியில் யோசித்து எழுதும் காரணங்கள் பெரும்பாலும் கற்பனை.

கேள்வி: டிசைன் படிக்கும் என் மகள் சாயம் சரியாக வராத துண்டுகளைக்கூட மூட்டை கட்டி வைக்கிறாள். தூக்கிப் போடலாமா?
– ஒரு தாய், விவேக் நகர்

பதில்: வேண்டாம்மா. ஒரே அளவில் செய்த நகல்களை வேண்டுமானால் கழிக்கட்டும். பிசகியதில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், காரணம் எழுதிய சீட்டோடு. நன்றாகக் காய்ந்த பிறகே கட்டி வையுங்கள்; மழைக்காலத்தில் ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். பட்டும் கம்பளியும் தனிப் பெட்டியில் இருக்கட்டும். பூச்சி அவற்றைத்தான் முதலில் தேடும். மஞ்சளில் சாயமிட்டதை வெளிச்சம் படும் சுவரில் மாட்டவேண்டாம், வெளுத்துவிடும். அப்படியே மாட்ட ஆசைப்பட்டால், பாதியை அட்டையால் மூடி ஒரு வாரம் வெயில் படும் ஜன்னலில் வைக்கச் சொல்லுங்கள். அவளுக்கு அதுவும் ஒரு சாம்பிள்.