144 கட்டங்களுக்குள் ஒரு குறி

கேள்வி: எங்கள் தோட்ட மண்டபத்தில் தீபாவளிக்கு ஓவியக் கண்காட்சி வைக்கிறோம். கணினியில் வரைந்த படங்களையும் எமோஜிகளையும் நீர்வண்ண ஓவியங்களோடு சேர்த்து மாட்டவேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள். பொத்தானைத் தட்டினால் வருவதெல்லாம் கலையா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பொத்தானைத் தட்டி வந்தவை அல்ல அவை. 1999இல் ஜப்பானின் டோகோமோ கைப்பேசி நிறுவனத்துக்காக ஷிகெடாகா குரிதா 176 எமோஜிகளை வடிவமைத்தார். ஒவ்வொன்றுக்கும் கிடைத்த இடம் 12க்கு 12, மொத்தம் 144 கட்டங்கள். மழையோ இதயமோ அதற்குள் அடங்கவேண்டும். சிக்குக் கோலம் போடுகிறவர்களைக் கேளுங்கள், ஒரு புள்ளி பிசகினால் என்ன ஆகும் என்று சொல்வார்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2016இல் அந்த 176ஐயும் தன் சேகரிப்பில் சேர்த்தது. அதற்கு முன்பே, 2010இல், மின்னஞ்சல் முகவரியில் வரும் @ என்ற சுழிக்குறியையே சேர்த்துக்கொண்டது. நம் மலேசிய அடையாள அட்டைகள் சிலவற்றில் பதிவுப் பெயருக்கும் வீட்டுப் பெயருக்கும் நடுவே நிற்கிறதே, அதே சுழி.

ஆகவே தாராளமாக மாட்டுங்கள். ஆனால் கைப்பேசியில் இருக்கும் எமோஜியை அப்படியே எடுத்து மாட்ட விடாதீர்கள். ஒவ்வொரு எமோஜிக்கும் கணினிகள் பயன்படுத்தும் எண் எல்லாருக்கும் பொது. உருவமோ வரைந்த நிறுவனத்துடையது. ரப்பர் பால் பிடிக்கும் மங்கு, பால்வாளி, செம்பனைக் குலை என்று பிள்ளைகளே கட்டத்தாளில் வரையட்டும்.

பெரும்பாலும் கெடுவது அச்சில்தான். சிறிய படத்தைச் சும்மா இழுத்துப் பெரிதாக்கினால் மென்பொருள் ஓரங்களைக் குழைத்துவிடும். ஒவ்வொரு கட்டத்தையும் குழைக்காமல் அப்படியே பெரிதாக்கும் 'நியரஸ்ட் நெய்பர்' முறையைத் தேர்ந்து முழு எண்ணால் பெருக்குங்கள். பக்கத்துக்கு 12 கட்டம், 276 மடங்கு என்றால் 3312 பிக்சல். அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அச்சிட்டால் 28 செ.மீ. சதுரம், ஏ3 தாளில் ஓரம் விட்டு அடங்கும். பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள்; ஜேபெக் கூரான ஓரங்களைச் சுற்றி அழுக்குப் படியவைக்கும். அச்சகத்துக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். திரையில் ஒளியால் பளபளக்கும் பச்சையும் நீலமும் மையில் மங்கும். கையளவு மாதிரி எடுத்துப் பார்க்காமல் முழு அச்சுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அச்சகத்தில் பிக்மெண்ட் மை, அதாவது நிறத்துகள் கலந்த மை, கேளுங்கள். சாயம் கரைந்த டை மை வெயில் படும் சுவரில் சீக்கிரம் வெளுக்கும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே அட்டைச் சட்டம் கட்டாயம். இல்லையென்றால் நம் ஊர் ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு கிழியாமல் பிரியாது. நீர்வண்ண ஓவியத்துக்கும் இதே கதிதான்.

திரையில் காட்டுவதென்றால் ஓவியத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். ஒளிரும் திரை பக்கத்துத் தாளை அழுக்காகக் காட்டும். எதிர்ச்சுவரில் வைத்து வெளிச்சத்தைக் குறையுங்கள்.

பெயர்ச்சீட்டு எல்லாருக்கும் ஒரே அளவில் இருக்கட்டும்: வரைந்தவர், ஆண்டு, ஊடகம், அளவு. அச்சுப்படத்தின் கீழ் 1/5, அதாவது ஐந்து பிரதிகளில் முதலாவது, என்று பென்சிலில் எழுதினால், ஆறாவது பிரதி எடுக்கக்கூடாது.