கையெழுத்தைக் கடைசியில் பாருங்கள்

கேள்வி: பாரிஸ் பழைய பொருள் சந்தையில், வேட்டைநாய் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் எண்ணெய் ஓவியம் ஒன்று வாங்கினேன். மூலையில் ‘ஊத்ரி, 1752’ என்று கையெழுத்தே இருக்கிறது. அசல்தானே? உருளைக்கிழங்கால் தேய்த்து அழுக்கை எடுக்கலாமா?

பதில்: அந்தத் ‘தானே’யை முதலில் எடுத்துவிடுங்கள். பிரெஞ்சு ஓவியர் ஜான்-பத்தீஸ்த் ஊத்ரி 1752இல் வரைந்த அந்த நாயும் குட்டிகளும் பாரிஸ் வேட்டை அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. 1753இல் சலோன் என்ற பாரிஸ் ஓவியக் கண்காட்சிக்கு வந்த படம் அது. வாங்கியவர், கடவுள் இல்லை என்று எழுதிய ஒல்பாக் பிரபு. அகலம் சுமார் 130 சென்டிமீட்டர். உங்களுடையதை அளந்தீர்களா?

அடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் நாயின் காதைப் பாருங்கள். வண்ணம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சுப் படம். ரவிவர்மா படங்கள் வந்தனவே, எண்ணெய் ஓவியம் போலத் தெரியும் அதே ஓலியோகிராஃப் அச்சு வகை. துணிமேல் ஒட்டி வார்னிஷ் பூசியிருப்பார்கள். புள்ளி இல்லையென்றால் கையெழுத்துக்கு வாருங்கள். பழைய வண்ணத்தில் வெடிப்பு ஓடியிருக்கும். வெடிப்பு எழுத்தையும் பிளந்துகொண்டு போனால் நல்லது. எழுத்தின் மை வெடிப்புக்குள் இறங்கியிருந்தால் வெடித்த பிறகு யாரோ போட்டது. பின்பக்கம் துணி புதிதாக இருப்பதை மட்டும் வைத்துத் தள்ளிவிடாதீர்கள். பழைய ஓவியங்களுக்கு மறுதுணி ஒட்டுவது வழக்கம். ஆனால் வெள்ளையில் டைட்டானியம் இருப்பதாகச் சோதனையில் தெரிந்தால் அந்த இடம் 20ஆம் நூற்றாண்டிலோ அதற்குப் பிறகோ வந்த பூச்சு. அது பின்னாளில் பழுதுபார்த்த ஒட்டுவேலையா, படம் முழுக்கவா என்பதுதான் கேள்வி.

உருளைக்கிழங்கு வேண்டவே வேண்டாம். ரொட்டி, எச்சில், ஈரத்துணி எதுவும் கூடாது. ஈரம் வெடிப்பு வழியே இறங்கி அடியிலுள்ள பசையை இளக்கும், துணி சுருங்கும், வண்ணம் செதிலாக உதிரும். மாவு வேறு வெடிப்பில் தங்கிப் பூஞ்சைக்கு விருந்து வைக்கும். வண்ணம் உரியாமல் இருந்தால் மட்டும், மெத்தென்ற காய்ந்த தூரிகையால் தூசி தட்டலாம். ஹீட்டருக்கு மேல் மாட்டாதீர்கள்.

கடைக்காரரிடம் விவரமான ரசீது கேளுங்கள். பிரான்ஸின் 1981 மார்ச் 3 ஆணைப்படி, கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும். எந்தத் தயக்கக் குறிப்பும் இல்லாமல் ‘ஊத்ரி கையெழுத்திட்டது’ என்று எழுதினால், வரைந்தவர் ஊத்ரியே என்று அவர் உத்தரவாதம் தருகிறார். ‘அத்ரிபுயே’ (இன்னார் வரைந்ததாகக் கருதப்படுவது) என்றால் அந்தக் காலத்துப் படம், ஊத்ரியாக இருக்க வலுவான வாய்ப்புண்டு. ‘தப்ரே’ (இன்னாரைப் பார்த்து வரைந்தது) என்றால், யார் வரைந்தது, எந்தக் காலத்தது என்பதற்கு எந்தப் பொறுப்பும் இல்லை. வாயால் சொன்னதை எழுதக் கேட்கும்போது அவர் எந்தச் சொல்லைப் போடுகிறார் என்று கவனியுங்கள்.