சீர் வேறு, சம்பளம் வேறு

கேள்வி: ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் ஸ்பேர் பார்ட்ஸ் மொத்த வியாபாரம் செய்கிறேன். என்னோடு சேர்த்துப் பதினோரு பேர். புதிதாகச் சேரும் ஹெல்பருக்கு மாதம் 14,000 ரூபாய் தருகிறேன். அக்கா மகனுக்கு இருபது வயது, பி.காம். இரண்டாம் வருஷம். ஆட்டிசம் உண்டு. தண்டையார்பேட்டையிலிருந்து எல்.ஐ.சி. வரை மெட்ரோவில் தனியாக வந்துவிடுவான். கோடை விடுமுறையில் ஒரு மாதம் இன்டர்ன்ஷிப் போயே ஆக வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். வெளியில் யாரும் எடுக்கவில்லை. "காசெல்லாம் வேண்டாம்டா, ஒரு ஓரமா உட்கார வை, சர்டிபிகேட் குடுத்தா போதும்" என்கிறாள் அக்கா, அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. காசு கொடுத்தால் மற்ற பையன்கள் முணுமுணுப்பார்கள், கொடுக்காவிட்டால் எனக்கு மனசு ஒப்பவில்லை. கவுன்டரில் யாராவது சத்தம் போட்டால் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவான். (போன மாதம் இரண்டு நாள் கடைக்கு வந்தவன், சும்மா இருக்காமல் பேரிங் ராக்கைக் கலைத்து அடுக்கினான். 6204 டப்பாவில் 6303 கிடக்கிறது என்று ஒரே புகார். பையன்களுக்குச் சிரிப்பு. அதற்குப் பிறகு தாம்பரம் மெக்கானிக்கிடமிருந்து சரக்கு திரும்பி வருவதில்லை என்பது வேறு விஷயம்.) நான் என்ன செய்யட்டும் அம்மா?
— பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தம்பி, வேறு விஷயம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் விஷயம். அதைப் போய் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் பேரிங்குக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் அந்த வரியை மட்டும் படித்துக் காட்டினேன். எழுந்து போய் இரண்டையும் எடுத்து வந்து பெஞ்சில் வைத்தார். இரண்டுக்கும் வெளிவட்டம் 47 மில்லிமீட்டர், கனம் 14. நடு ஓட்டை மட்டும் 6204-க்கு 20, 6303-க்கு 17. "ஹவுசிங்ல அழகா உட்காரும்மா. ஷாஃப்ட்ல ஏத்தும்போதுதான் மானம் போகும்" என்றார். விளிம்பில் பொறித்திருந்த எண்ணைப் படிக்க நான் வெளிச்சத்துக்கு நகர வேண்டியிருந்தது.

உங்கள் ஆட்கள் எத்தனை மாதமாக அந்த டப்பாவிலிருந்து எடுத்து பில் போட்டார்கள்? திரும்பி வந்த சரக்குக்கு வண்டிச் சத்தம் யார் கொடுத்தது? இன்னும் இரண்டு முறை பார்த்துவிட்டு அந்தத் தாம்பரத்துக்காரர் பக்கத்துக் கடைக்குப் போயிருப்பார். அதைத் தடுத்தவன் இரண்டு நாள் வந்து போன விருந்தாளி. சிரித்தவர்களுக்கு மாதச் சம்பளம், தப்பைக் கண்டுபிடித்தவனுக்கு ஓரத்தில் ஒரு ஸ்டூலும் சர்டிபிகேட்டும். கணக்கு நன்றாக இருக்கிறது!

அக்கா மேல் எனக்குக் கோபம் குறைவு. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் படியேறி, "சேர்த்துக்கிட்டா போதும் சார்" என்று கேட்டே அவருக்கு வாய் பழகிப்போயிருக்கும். இப்படிப்பட்ட அம்மாக்களின் கடிதம் எனக்கு வராத மாதமில்லை. ஆனால் பக்கத்தில் அவனை வைத்துக்கொண்டா? காதைப் பொத்திக்கொள்கிறவனுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

நீங்கள் தாய்மாமன். உங்கள் மடியில் உட்கார வைத்துத்தானே அவனுக்குக் காது குத்தினார்கள்? அந்த முறையை நான் பெரிதாக மதிக்கிறவள். தீபாவளிக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுங்கள், நாளை அவன் கல்யாணத்துக்குத் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டு போங்கள். ஆனால் ராக்கின் முன்னால் நின்று அவன் எண்ணிக் கொடுக்கும் பேரிங்குக்குச் சம்பளம்தான் தர வேண்டும். அக்காவே வேண்டாம் என்றாலும் அது அவர் விட்டுக்கொடுக்கக்கூடிய பணமில்லை. வேலை செய்யப்போவது அவரா?

எனக்குத் தெரிந்த ஒரு பெண் மூன்று வருஷம் ஓர் அலுவலகத்தில் 'பயிற்சி'யில் இருந்தாள். கவர் ஒட்டுவாள், ஃபைல் அடுக்குவாள். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று தவறாமல் மேடையேற்றி சால்வை போர்த்துவார்கள். மூன்று சால்வை சேர்ந்தது. சம்பளம் ஒரு ரூபாய் வரவில்லை.

இதை வேறு மாதிரி யோசித்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில், 1996-ல், அவசரப் பிரிவை நிர்வகித்தவருக்குச் சாமான் அலமாரிகள்தான் தலைவலி. எதை எங்கே எவ்வளவு நிரப்புவது என்ற அந்த வேலையில் ஆட்கள் நிலைக்கவில்லை. அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞர்களைப் பழக்கி அந்த வேலையில் அமர்த்தலாமே என்று தொடங்கினார். ப்ராஜெக்ட் சர்ச் என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. அலமாரி காலியாகக் கிடந்தால் அவசர சிகிச்சை தடுமாறும் என்பதில்தான் அந்த யோசனை ஆரம்பித்தது. உங்கள் ராக்கும் கிட்டத்தட்ட அந்த அலமாரிதான்.

அதற்காக அவனை மேதையாக்கிவிடாதீர்கள். ஆட்டிசம் என்றாலே எண்களில் புலி என்று சினிமா பார்த்தவர்களுக்கு ஒரு நினைப்பு. அப்படியொன்றும் கிடையாது. இவனுக்கு ராக் பிடித்திருக்கிறது, எண் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். அவனும் தப்புச் செய்வான். மற்றவர்களிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே சொல்லுங்கள், சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டு.

கவுன்டர் பக்கம் அவனுக்கு வேலையே வேண்டாம். பின்பக்க கோடவுன் போதும், காதை மூடும் ஹெட்போன் ஒன்று வாங்கி வையுங்கள். வேலை சொல்ல ஒரே ஆள் இருக்கட்டும். ஐந்து பேர் ஐந்து திசையிலிருந்து கூப்பிட்டால் நானே ஓடிவிடுவேன். "அந்த ராக்கைக் கொஞ்சம் பார்த்துக்கோப்பா" என்பது அவனுக்கு வேலை சொன்னதாகாது. கொஞ்சம் என்றால் எவ்வளவு? 'மூன்றாம் ராக், மேலிருந்து இரண்டு தட்டு. டப்பாவின் எண்ணும் உள்ளே இருக்கும் பேரிங்கின் எண்ணும் ஒன்றா என்று பார். மாறியிருந்தால் சிவப்புக் கூடையில் போடு. ஒரு மணிக்குச் சாப்பாடு' என்று தாளில் எழுதி ராக்கிலேயே ஒட்டுங்கள். லோடு வந்து திட்டம் மாறுகிறதென்றால் பத்து நிமிஷம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். (மெக்கானிக்கிடம் இதையும் சொன்னேன். "எங்க பசங்களுக்கும் இப்படி ஒட்டணும்மா" என்றார்.) பழக்கிவிட ஆள் தேவையென்றால் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

சட்டமும் இருக்கிறது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. இருபதோ அதற்கு மேலோ ஆட்கள் உள்ள தனியார் நிறுவனம், என்னென்ன வசதி செய்து தருகிறோம் என்று விவரமாக எழுதி வைக்க வேண்டும். பதினோரு பேர் கடையில் அவ்வளவு விவரம் கேட்க மாட்டார்கள். தாய்மாமனுக்குச் சட்டத்தைக் காட்டித்தான் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஹெல்பருக்கு 14,000 என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இவன் அரை நாள் வரட்டும், 7,000 கொடுங்கள். அவன் பெயரில் கணக்கு இல்லையென்றால் வேலைக்கு வரும் முதல் நாளுக்குள் தொடங்கச் சொல்லுங்கள். பணம் அதில்தான் விழ வேண்டும், அக்காவின் ஜிபேயில் இல்லை. அதை அம்மா கையில் கொடுப்பதோ, ஹெட்போன் வாங்குவதோ அவன் பாடு. சர்டிபிகேட்டில் 'ஆர்வத்துடன் பணியாற்றினார்' என்ற வழக்கமான வரி வேண்டாம். எத்தனை ராக் சரிபார்த்தான், எத்தனை டப்பா மாறியிருந்தது என்று எழுதுங்கள். அடுத்த முதலாளி படிக்கப்போவது அதைத்தான்.

இவ்வளவு நீளக் கடிதத்தில் அவன் என்ன சொன்னான் என்று ஒரு வரி இல்லை. கேட்கவே இல்லையா? இந்த ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டைக்குப் போய், அக்காவை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, அவனிடமே சொல்லுங்கள்: வேலை இது, நேரம் இது, சம்பளம் இவ்வளவு, வருகிறாயா? பதில் சொல்ல அவனுக்கு நேரமெடுக்கும். நடுவில் நீங்கள் பேசிவிடாதீர்கள்.

முணுமுணுக்கப்போகும் பையன்களுக்கு, தாம்பரத்திலிருந்து திரும்பி வந்த பில்களை எடுத்து மேஜைமேல் வையுங்கள். அக்கா சண்டைக்கு வந்தால் என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள்.