வீட்டைச் சுற்றி பொன்டரோசா: வெட்டுவதா, விடுவதா?

கேள்வி: சென்ற வருடம் கொலராடோவில், டென்வருக்குத் தென்மேற்கே மலைப்பகுதியில் வீடு வாங்கினோம். சுற்றிலும் பொன்டரோசா பைன் மரங்கள். செப்டம்பர் பிறந்ததிலிருந்து ஊசியிலைகள் மஞ்சளாகிக் கொட்டுகின்றன. மரங்கள் சாகின்றனவா? காட்டுத்தீ வந்தால் ஆபத்து, எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வெட்டினால் விலைபோகுமா? இலையில் தேநீர் போடலாமா?

பதில்: ஆளைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு கிளையைப் பிடித்துப் பாருங்கள். பொன்டரோசாவின் இலைகளும் சில ஆண்டுகளில் மூப்படைந்து உதிர்பவைதான். தண்டை ஒட்டிய பழைய இலைகள் மரம் முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகி, நுனி இலைகள் பச்சையாகவே இருந்தால் அது வருடாந்தர இலையுதிர்வு. கவலைப்பட ஒன்றுமில்லை. நுனியிலிருந்து பழுத்தாலோ, உச்சி மட்டும் காய்ந்தாலோதான் சிக்கல்.

பச்சையாக இருக்கிறது என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. மலைப் பைன் வண்டு கோடையில் பட்டையைத் துளைத்து உள்ளே போகும். மரம் பிசினைக் கக்கி அதை வெளியே தள்ளப் பார்க்கும். அடிமரத்தில் சோளப்பொரி ஒட்டியதுபோல் பிசின் கட்டிகளும், பட்டை இடுக்கில் மரத்தூளும் தெரிந்தால் வண்டு வந்திருக்கிறது. வண்டிடம் தோற்றுப்போன மரம்கூடக் குளிர்காலம் முழுவதும் பச்சையாகவே நிற்கும். அடுத்த கோடையில்தான் செம்பழுப்பாகும். அதற்குள் புதிய தலைமுறை வண்டுகள் பக்கத்து மரத்துக்குப் பறக்கத் தயாராகிவிடும். வண்டு நிறைந்த மரத்தை மீட்க வழியில்லை. ஜூலைக்கு முன் வெட்டி அப்புறப்படுத்துங்கள், பட்டையோடு விறகாக அடுக்கி வைக்காதீர்கள்.

மரம் பொன்டரோசாதானா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்கள் பகுதியில் இலைகள் இரண்டும் மூன்றுமாகக் கொத்தாக வரும், நீளம் மூன்று முதல் ஏழு அங்குலம். லாட்ஜ்போல் பைனுக்கு எப்போதும் இரண்டுதான், அவையும் குட்டையாக முறுக்கியிருக்கும். வெயிலேறிய பிற்பகலில் முதிர்ந்த மரத்தின் பட்டைப் பிளவில் மூக்கை வைத்து முகர்ந்தால் வெனிலா வாசனை வரும். இதைச் செய்யும்போது பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால் பார்க்கட்டும்.

இனி தீ. பக்கத்து வீட்டுக்காரரின் பயம் நியாயமானது, ஆனால் அவர் காட்டும் எதிரி தவறு. தெற்கு பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து மெக்சிகோ வரை பரவியிருக்கும் இந்த மரம் தீயோடு பழகி வளர்ந்தது. இளமையில் கறுத்திருக்கும் பட்டை, நூறு வயதைத் தாண்டும்போது ஆரஞ்சு மஞ்சளாகத் தடித்து, ஓடு ஓடாக வெடிக்கும்; அதுவே கவசம். கீழ்க்கிளைகளைத் தானே உதிர்த்துவிடுவதால் தரையில் ஓடும் நெருப்புக்கு ஏறப் பிடி கிடைக்காது. அமெரிக்கத் தென்மேற்கில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புல்லையும் சருகையும் மட்டும் எரித்துப் போகும் தீ சகஜமாக இருந்தது. கொலராடோவில் இடைவெளி சற்று நீளம். 1935-இல் அமெரிக்க வனத்துறை, எந்தத் தீயையும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அணைக்க வேண்டும் என்று விதித்தது. சிறு தீ நின்றது, கன்றுகள் நெருங்கி முளைத்தன, அவையே உச்சிக்கு ஏணியாயின. உங்கள் பக்கம் 2002-இல் ஹேமன் தீ 1,38,000 ஏக்கரை எரித்ததில் வறட்சி, காற்றோடு இந்த நெரிசலுக்கும் பங்குண்டு.

ஆகவே ஏணியை எடுங்கள், மரத்தை விடுங்கள். சுவரிலிருந்து ஐந்து அடிக்குள் எரியக்கூடிய எதுவும் வேண்டாம். அங்கே மரம் நின்றால் அதை மட்டும் நானும் வெட்டத்தான் சொல்வேன். முப்பது அடி வரை, ஒரு மரத்தின் கிளைநுனிக்கும் அடுத்ததன் கிளைநுனிக்கும் பத்தடி இடைவெளி வரும்படி கன்றுகளையும் நோஞ்சான்களையும் கழியுங்கள். பெரிய மரங்களில் தரையிலிருந்து ஆறு முதல் பத்தடி வரை கிளை கூடாது. இதைக் குளிர்காலத்தில் செய்யுங்கள்; கோடையில் வெட்டினால் பிசின் வாசனைக்கு வண்டு வரும். கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தகரக் கால்வாயில் சேரும் சருகுதான் பல வீடுகளுக்கு முதல் தீப்பொறிக் கூடு. அதைத் துப்புரவாக வைத்திருப்பது ஒரு மரத்தை வெட்டுவதைவிட அதிகப் பயன் தரும்.

விலை? எதிர்பார்க்காதீர்கள். கனமான மரம் என்ற பொருளில் ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் டேவிட் டக்ளஸ் ‘பொன்டரோசா’ என்று பெயர் வைத்தாரே தவிர, உலர்ந்த பலகை லேசானது, மென்மையானது. ஜன்னல் சட்டம், கதவு, பெட்டி, முடிச்சு தெரியும் சுவர்ப்பலகைக்கு அருமையாக இழைபடும். தேக்கு என்று நினைத்து மண்ணில் நட்டால் சீக்கிரம் மட்கிவிடும். வீட்டு மரத்துக்குள் பழைய ஆணி இருக்கும் என்று அறுவை ஆலைகள் பொதுவாகத் தொடமாட்டா. வெட்டுக்கூலி உங்கள் கையிலிருந்துதான் போகும்.

தேநீர் வேண்டாம். இந்த இலையிலுள்ள ஐசோகுப்ரெசிக் அமிலத்தால் சினைப்பசுக்கள் கன்றை இழப்பது மேய்ச்சல்காரர்களுக்கு நன்கு தெரிந்த தொல்லை. வீட்டில் யாரேனும் கருவுற்றிருந்தால் வாயில் வைக்கவே கூடாது.